அடித்தவள் அசையக்கூடாது

இராஜாக்கமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் பி.டி. டீச்சராக இருக்கும் ரெஜிலாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சாஃப்ட்பால் அணிக்குப் பந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், மைதானத்துத் தென்னைகளின் கீழ் உதிர்ந்து கிடந்த குரும்பைகளைப் பொறுக்கச் சொன்னாள். ஒருத்தி எறிவாள், ஒருத்தி மட்டையால் விளாசுவாள். குரும்பை சிதறி முகத்தில் தெறிக்கும்போது பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்காது.

டீச்சருக்குச் சிரிப்பு வராது. அவள் கண்ணெல்லாம் காலில்தான்.

"அடிச்ச பெறவு அப்படியே நில்லுட்டி! கால் சரியா இருக்கான்னு நான் பாக்கணும்."

அசைந்தவளுக்கு மட்டை கிடையாது. அன்று முழுக்கக் குரும்பை பொறுக்க வேண்டியதுதான். ஓட்டப் பயிற்சி வேறு நாளில், மட்டையே இல்லாமல் நடக்கும்.

நாகர்கோவிலில் முதல் போட்டி. ஆறாம் வகுப்பு ஜெபிஷா அடித்த பந்து எல்லார் தலைக்கும் மேலே பறந்து வேலியோரம் விழுந்தது. ரெஜிலா துள்ளிக் குதித்தாள். பந்து திரும்பி வருமுன் ஜெபிஷா முதல் தளத்துக்கு ஓடிவிட வேண்டும். அவளோ சிலைபோல் நின்றாள்.

"ஓடு மக்கா! ஓடுட்டி!"

எதிரணிப் பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்துவந்து தளத்தை மிதித்தாள். அவுட்.

ரெஜிலா மைதானத்துக்குள் ஓடிவந்தாள். "ஏட்டி, ஏன் ஓடல்ல?"

"நீங்க இன்னும் காலைப் பாக்கல்லியே, டீச்சர்."

ரெஜிலா குனிந்து பார்த்தாள். கால் இம்மியும் பிசகாமல் இருந்தது.