எட்டு மணித் தண்ணீர்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் சுவரில் கைகழுவும் முறையைக் காட்டும் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஏழு கட்டங்கள். முதல் கட்டத்தில் குழாய் திறந்திருக்கிறது. நீல நிறத்தில் தண்ணீர் கொட்டுகிறது. அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் எங்கள் குழாய். காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அதில் நூல்போல ஒழுகும். மற்ற நேரத்தில் திறந்தால் காற்று சீறும் சத்தம் மட்டும் வரும். பல வருடமாகக் கேட்டு அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போயிருந்தது. அப்படிப் பழகிப்போனேனே என்றுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்.

கரவனெல்லைப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ரப்பர் தோட்டம். பால்வெட்டும் பெண்கள் வெளிச்சம் வந்ததும் வராததுமாகத் தங்கள் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் என்னிடம் விட்டுவிட்டு, பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு ஓடுவார்கள். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் தாண்டித்தான் திரும்புவார்கள். அதுவரை பதினான்கு பிள்ளைகளுக்கும் நான்தான் எல்லாம். சுத்தத்தில் நான் கறார். வாசலிலேயே நிற்க வைத்து நகம், காது, தலை எல்லாம் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன். பார்க்க வருகிறவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். எனக்கும் அதில் பெருமை இருந்தது.

ஒருநாள் காலையில் ஒரு தாயைத் திருப்பி அனுப்பினேன். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை. மாதம் ஒருமுறை வருவான். லயத்து வரிசை வீட்டில் அவளும் மூன்று வயது மகளும் மட்டும்தான். பிள்ளையின் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"என்னா தங்கச்சி இது? நகத்தப் பாரு, அப்பிப் போயிருக்கு."

"கழுவத்தான் பாத்தேன் அக்கா. பேரல்ல தண்ணி முடிஞ்சிருச்சு."

"எல்லாரும் அதே குழாய்த் தண்ணியிலதான இருக்காங்க? மத்த புள்ளைக சுத்தமா வரலியா? கழுவிக் கூட்டியா, சேத்துக்கிறேன்."

"பெரட்டுக்கு நேரமாச்சு அக்கா."

"அது எனக்குத் தெரியாது."

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இருக்கும் பீலிக்கு இறங்கினாள். மலையிலிருந்து வடிந்து ஒழுகும் அந்தத் தண்ணீரில் கழுவி, மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள். பிள்ளையின் கை சில்லென்று இருந்தது. சேர்த்துக்கொண்டேன். அன்றைக்குப் பெரட்டில் அவளுக்குப் பேர் விழவில்லை, நாள் சம்பளம் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த தடவை கவனமாக இருப்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவள் நான்தான். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

தண்ணீர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தின் மேற்பிரிவுக்கு மேலே ஒரு தொட்டி. அதன் வால்வைத் திறக்கிற ஆள் எட்டு மணிக்குத்தான் வேலைக்கு வருவார். அதனால் எட்டு மணிக்குத்தான் தண்ணீர் திறப்பார். ஒன்பதுக்கு மூடிவிடுவார். அந்த நேரத்தில் பால்வெட்டும் பெண்கள் எல்லோரும் மலையில் நிற்பார்கள். வீட்டில் மாமியாரோ, வேலைக்குப் போகாத யாராவதோ இருக்கிறவர்கள் பேரலை நிரப்பிக்கொள்வார்கள். ஆள் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் பிடித்து வைக்கும் ஒரு வாளிதான். ஆறு வீட்டுக்கு ஒரு குழாய்; யாரைக் குறை சொல்ல? யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் தண்ணீர் கொடுத்துவிட்டு, இந்தச் சனங்களுக்குச் சுத்தம் தெரியாது என்று பேசுகிறார்கள்.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு வாரத்தில் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் பிடித்தது. திங்கட்கிழமை ஒரு பிள்ளை. புதன்கிழமைக்குள் ஐந்து. அன்றைக்கு நான் பீலிக்குத் திருப்பி அனுப்பிய சின்னப் பெண் என் மடியிலேயே துவண்டு விழுந்தாள். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. மலைக்கு ஆள் அனுப்பினேன். தாய் இடுப்பில் கட்டிய சாக்கோடு ஓடிவந்தாள். மற்றப் பிள்ளைகளை லயத்துப் பாட்டி ஒருத்தியிடம் விட்டுவிட்டு, த்ரீவீலரில் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பிள்ளைக்குச் சேலைன் ஏற்றினார்கள். சிங்கள டாக்டர், சின்ன வயது. அவர் எங்களைத் திட்டவில்லை. "என்ன தண்ணீர் பாவிக்கிறீர்கள்? தொட்டிக்கு மூடி இருக்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்டார். குடிக்கக் கொடுக்கும் தண்ணீரை எப்போதும் கொதிக்க வைத்தேன். ஆனால் பிள்ளைகளின் தட்டைக் கழுவியதும், வாய் கொப்பளிக்க வைத்ததும் கொதிக்காத தண்ணீரில். அந்தத் தொட்டியை நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

பிள்ளை கண் திறக்கும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அந்தத் தாயின் கையைச் சரியாகப் பார்த்தேன். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் ரப்பர் பால் காய்ந்து கறுத்துக் கிடந்தது. அது சோப்புக்குப் போகாது. உரித்துத்தான் எடுக்க வேண்டும். சாயந்திரம் பிள்ளை கொஞ்சம் தெளிந்தாள். தாயின் கையை இழுத்து வைத்துக்கொண்டு, காய்ந்த பாலை நகத்தால் கிள்ளிக் கிள்ளி உரித்தாள்.

"தெனமும் இதுதான் அக்கா அவளுக்கு வெளாட்டு," என்றாள் தாய். "நான் வந்து ஒக்காந்தா கையப் புடிச்சிக்குவா. ஒட்டுப்பாலெல்லாம் அவ நகத்துல ஏறிக்கும்."

நான் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய அழுக்கு அதுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் பிழைத்து வீடு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் டவுனிலிருந்து ஓர் அதிகாரி சுகாதாரக் கூட்டம் நடத்த வந்தார். தோட்டத்து ஆபீசிலிருந்து முதல்நாளே புதுச் சோப்பும், பதினான்கு வெள்ளைத் துவாயும் அனுப்பியிருந்தார்கள். வரிசையாகத் தொங்கவிடச் சொன்னார்கள், தொங்கவிட்டேன். தோட்டத்துத் தாய்மார் எல்லோரையும் வேலை முடிந்த கையோடு வரச் சொல்லியிருந்தார்கள். சாப்பிடாமல், முகம்கூடக் கழுவாமல், பால் வாடையோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அதிகாரி சிங்களத்தில் பேச, நான் தமிழில் சொல்ல வேண்டும். எங்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்பது அவருக்குத் தெரியாது.

"நோய் வருவது கையால். தாய் கை கழுவினால் பிள்ளைக்கு நோய் வராது," என்றார். சொன்னேன். "மலம் கழித்தபின், சமைக்கும் முன், ஊட்டும் முன் சோப்புப் போட வேண்டும்," என்றார். சொன்னேன். அதில் பிழை ஒன்றுமில்லை. நானும் அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிறகு முன் வரிசையில் இருந்த அந்தத் தாயைப் பார்த்து எழும்பச் சொன்னார். கையை நீட்டச் சொன்னார்.

"மே அத் பலன்ன," என்றார். இந்தக் கைகளைப் பாருங்கள் என்று. "இந்தக் கையால் ஊட்டினால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வராமல் என்ன செய்யும்? மேகொல்லன்ட பிரிசிதுகம நே. இவர்களுக்குச் சுத்தம் என்பதே இல்லை. மிஸ், இதைத் தமிழில் சொல்லுங்க."

அவர் இரண்டாம் முறை சொன்னார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அழவில்லை.

"சொல்ல மாட்டேன்," என்று சிங்களத்தில் சொன்னேன். "அவளுக்கு விளங்கிவிட்டது. அது அழுக்கில்லை, மாத்தயா, ரப்பர் பால். தோட்டத்துக்காகப் படிந்தது."

அவர் முகம் மாறியது. ஆனாலும் கூட்டத்தை விடவில்லை. "சரி, நான் செய்து காட்டுகிறேன்," என்று சட்டைக் கையை மடித்தார். ஜீப்பிலிருந்து கொண்டுவந்த போத்தல் தண்ணீரை ஊற்றிக் கையை நனைத்தார். புதுச் சோப்பைப் பிரித்தார். படத்தில் உள்ளபடியே உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல். முழங்கை வரை வெள்ளையாக நுரை. பிறகு படத்துக்குக் கீழே போய், மணிக்கட்டால் குழாயைத் தள்ளித் திறந்தார். காற்று சீறியது. இன்னும் திருகினார். போத்தலை எடுத்துக் கவிழ்த்தார். இரண்டு சொட்டு விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குக் கோபம் ஆறியிருக்கும். முப்பது பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் நுரையோடு நின்றார்.

அந்தத் தாய்தான் வெளியே போனாள். அவள் லயம் மேட்டில். போய்வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை அவர் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நுரை உடைந்து சட்டையில் வடிந்தது. அவள் ஒரு பிளாஸ்டிக் ஜக்கோடு வந்து, வாசலில் அவருக்கு ஊற்றினாள். அவர் நன்றாகத் தேய்த்துக் கழுவினார். படத்தில் சொன்னபடி இருபது எண்ணும்வரை கழுவினார். ஜக் காலியானது. "ஸ்துதி," என்றார். நன்றியாம்.

அவள் ஜக்கைக் கவிழ்த்து உதறிவிட்டு என்னிடம் தமிழில் சொன்னாள். "அக்கா, இதை அவருக்குச் சொல்லுங்க. புள்ளைக்குக் கொதிக்க வைக்க எடுத்து வச்சிருந்த தண்ணி இது. வேற இல்ல. இப்ப நான் பீலிக்கு எறங்கணும்."

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த மொழிபெயர்ப்பு அதுதான்.

"தொட்டியைப் போய்ப் பார்ப்போம்," என்று பெண்கள் எழும்பினார்கள். அவருக்கும் வராமல் இருக்க முடியவில்லை. மழையில் வழுக்கும் பாதையில் ஏறினோம். தொட்டியின் மூடி உடைந்து பாதி உள்ளே விழுந்திருந்தது. தண்ணீரின் மேல் ரப்பர் இலை அழுகி மிதந்தது. ஓரத்தில் வயிறு ஊதிய மரஅணில் ஒன்று. எத்தனை நாளாகக் கிடந்ததோ. மேல் பக்கத்து மண் கரைந்து உள்ளேயே வடிந்திருந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். பின்னால் நின்ற பெண் ஒருத்தி ஓங்கரித்தாள். அவளுடைய பிள்ளையும் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவன்.

அதிகாரி கைக்குட்டையை முகத்தில் வைத்தபடி படம் எடுத்தார். "நான் எழுதுகிறேன்," என்றார். எழுதினார் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு வாரத்தில் தொட்டியைக் கழுவி, குளோரின் போட்டு, மேலே தகரம் அடித்தார்கள். அதே வாரத்தில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. வெளியாள் முன்னால் தோட்டத்தின் மரியாதையைக் கெடுத்தேனாம். இனி இப்படி நடந்தால் வேலையில் வைக்க மாட்டார்களாம். பதினான்கு துவாயையும் ஆபீசுக்கே திருப்பி அனுப்பச் சொல்லி, கீழே ஒரு வரி. துவாயை அனுப்பவில்லை. பிள்ளைகள் துடைத்துப் பழுப்பாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர் நேரத்தை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. வால்வு ஆளுக்கு எட்டு மணிக்குத்தான் வேலை, அதற்கு முன் வர முடியாது என்றார்கள். கங்காணியிடம் கேட்டோம், மேனேஜர் துரையைக் கேட்கச் சொன்னார். துரையிடம் கேட்டோம், பார்க்கலாம் என்றார். ஒரு மாதம் பார்த்தோம். பிறகு பெண்களே முறை போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் ஐந்து மணிக்கு மேலே ஏறி வால்வைத் திறக்கிறார்கள். பெரட்டுக்குப் போகும்போது மூடுகிறார்கள். முதல் முறை போனவள் அந்தத் தாய்தான். கூடப் போனது நான். ஏறும்போது அவளிடம், "அன்னைக்கு ஒன்னைத் திருப்பி அனுப்புனேனே, அது பெரிய தப்பு தங்கச்சி," என்றேன்.

"ஆமா அக்கா, தப்புதான்," என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு வயிற்றோட்டம் அந்த மாதிரி ஒரேயடியாக வரவில்லை. பெண்கள் மலைக்குப் போகுமுன் குளிக்கிறார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள். யாரும் வந்து அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வால்வைத் தொட்டதற்காக இரண்டு பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்காரரிடம் போயிருக்கிறார்கள், இன்னும் முடிவில்லை.

போன வாரம் டவுனிலிருந்து புதிதாக ஒருவர் போன் எடுத்தார். சுகாதார விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று வைக்க வேண்டும், தாய்மாரைக் கூட்டிவைக்க முடியுமா என்று கேட்டார்.

"முடியும் மாத்தயா," என்றேன். "காலையில அஞ்சு மணிக்கு வாங்க. எல்லாரும் குழாயடியில இருப்பாங்க."

அந்த நேரத்துக்கு வாகனம் கிடைக்காது என்றார். போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.