வண்டியை விட்டு இறங்கியவன்

என் அத்தை மகன் ஒரு போலீஸ்காரரிடம் பேசியதைப் பார்த்த நாளில்தான் அவன்மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவன் மெல்பேர்னில் பிறந்தவன். கையில் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட், ட்ருகனினாவில் அவர்களுக்குச் சொந்த வீடு. அதையெல்லாம் பார்த்துச் சும்மா இருந்த மனசு, கார் ஜன்னல் வழியாக அவன் சொன்ன ஒரு ஜோக்கில் பற்றிக்கொண்டது.

மெல்பேர்ன் ஓரத்தில் த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் போலீஸ் எல்லா வண்டிகளையும் ஓரங்கட்டி, குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஒரு கையை ஸ்டியரிங்கில் போட்டபடி கண்ணாடியை இறக்கினான். "ஹவ்ஸ் இட் கோயிங், மேட்?" என்றான். கோயிலில் சாப்பிட்டு வருகிறோம், உங்கள் மெஷினில் மசாலாதான் காட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்த வெள்ளைக்காரப் போலீஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஊதினான், போகச் சொன்னார், வந்துவிட்டோம்.

"மச்சான், நெத்தியில இருந்த விபூதி எங்க?" என்று கேட்டான் அவன்.

"வேர்த்துச்சு, தொடச்சிட்டேன்."

"ஏசி ஃபுல்லா ஓடுது மேன்."

எனக்கு அவன் குரல் வேண்டும் போலிருந்தது. அந்த 'மேட்' வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நிறம், ஒரே சுருட்டை முடி. கோயிலில் எங்களை இரட்டையர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இருந்தும் அவன் வாய் திறந்தால் காக்கிச் சட்டைக்காரன்கூடத் தோளில் கை போடுவான் என்று தோன்றியது. (இங்கே காக்கி இல்லை, நீலம். எனக்குள் இருப்பது காக்கிதான்.) நான் ஊரிலிருந்து வந்து இங்கே மாஸ்டர்ஸ் முடித்தவன், வேலைக்கான இன்டர்வியூவில் வெள்ளைக்காரர்கள் நாலு பேரைப் பேசியே மடக்கியவன். அன்று இரவே குளியலறைக் கண்ணாடி முன் நின்று 'ஹவ்ஸ் இட் கோயிங்' பழகினேன். எத்தனை தடவை சொன்னாலும் கடன் கேட்க வந்தவன் மாதிரியே இருந்தது.

அப்புறம் நானும் ஒரு பழைய கார் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அத்தை கொடுத்துவிட்ட ஒரு வாளி இட்லி மாவோடு என் வாடகை அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். குடோன்களைத் தாண்டிப் புது வீடுகள் தொடங்கும் இடத்தில், பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்குச் சுழன்றது. ஓரமாக நிறுத்தினேன். இதோ என் வாய்ப்பு என்று ஒரு கணம் உற்சாகமாகக்கூட இருந்தது.

அதன் பிறகு நான் செய்ததை எந்தத் தமிழ்நாட்டுக்காரனும் செய்திருப்பான். இன்ஜினை அணைத்தேன். கார் பேப்பர் எல்லாம் வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தேன். கதவைத் திறந்து இறங்கி, பின்னால் நின்ற போலீஸ்காரர்களை நோக்கி வேகமாக நடந்தேன். ஊரில் போலீஸ் நிறுத்தினால் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பது திமிர். இறங்கிப் போய், கொஞ்சம் குனிந்து, பேப்பரை நீட்ட வேண்டும். எனக்கு முதல் பைக் வாங்கிக் கொடுத்த அன்றைக்கே அப்பா சொல்லிக்கொடுத்த பாடம் அது.

"கெட் பேக் இன் த கார்!" என்று கத்தல் வந்தது. எனக்குக் காது கேட்டது, கால் கேட்கவில்லை. "சார், பேப்பர்ஸ், சார்" என்று ஃபைலை நீட்டிக்கொண்டே இன்னும் முன்னால் போனேன். இருவரில் இளைய போலீஸ்காரரின் கை இடுப்புக்குப் போனது. அப்போதுதான் நின்றேன்.

பிறகு நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். கையை முழங்கால்மேல் வைக்கச் சொன்னார்கள். எதற்காக நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, இந்தப் பக்கம் திருட்டு நடக்கிறது என்றார் மூத்தவர். கார் யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். லைசென்ஸைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். ரெஜிஸ்ட்ரேஷனில் என் பெயரைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். இளையவர் டிக்கியைத் திறந்து, வாளி மூடியைத் தூக்கி, புளித்த மாவில் மூக்கைக் கொண்டுபோய்ச் சட்டென்று பின்வாங்கினார்.

"வாட் இஸ் திஸ்?"

"பிரேக்ஃபாஸ்ட், சார்."

யாரும் சிரிக்கவில்லை. என் ஜோக்கெல்லாம் அப்படித்தான். எதிர் வீட்டு வாசலில் ஒரு குடும்பமே நின்று பார்த்தது. போகலாம் என்று சொல்லும்போது இளையவர், "உங்க ஆட்கள் ஏன் எப்பவும் இப்படி இறங்கி வர்றீங்க?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரோ என்னவோ. அந்த 'உங்க ஆட்கள்' மட்டும் என்னோடு வீடுவரை வந்தது.

மறுநாள் அத்தை வீட்டில் சொன்னேன். அத்தை மகன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். "இறங்கினியா? மச்சான், சுட்டிருப்பான்டா! உக்காந்த இடத்துல இருக்கணும், கை ஸ்டியரிங் மேல." யாருடைய கார் என்று திரும்பத் திரும்பக் கேட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "கம்ப்ளைன்ட் போடு. இட்ஸ் யுவர் ரைட்."

அவ்வளவுதான், எனக்குள் இருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. நிரந்தரமாக இங்கே தங்க என் விண்ணப்பம் அப்போதுதான் போயிருந்தது. என் வேலை, வாழ்க்கை எல்லாம் அந்த பிஆர் கிடைப்பதில்தான் இருந்தது. அது வரும்வரை போலீஸ் இருக்கும் திசையில் தும்மக்கூடப் பயம்.

"உனக்கென்னடா! நீ இங்க பொறந்தவன். ஜோக் அடிச்சிட்டுப் போயிருவ. ரைட்டு, ரைட்டுன்னு வாய் கிழியப் பேசுவ. என் பிஆர் போச்சுன்னா நீ தருவியா?"

அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள்.

"அவனுக்கு மட்டும் அது தானா வந்துச்சுன்னு நெனச்சியாடா? ஸ்கூல் படிக்கையில ரயில் ஸ்டேஷன்ல போலீஸ் இவனையும் இவன் கூட்டாளிங்களையும் நிறுத்தி நிறுத்திப் பாப்பாங்க. அதுங்க சூடான் பசங்க, பாத்தாலே போலீஸுக்கு சந்தேகம். ஒரு நாள் பையக் கொட்டிட்டாங்க, நான் கட்டிக் கொடுத்த தயிர்சோறெல்லாம் தரையில. அதுக்கப்புறம்தான், இவன் லைசென்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே கராஜுக்குள்ள காருல உக்கார வச்சு, நான் போலீஸா நிப்பேன். கரண்டியால கண்ணாடியத் தட்டுவேன். கை எங்க? பாக்கெட்லேருந்து லைசென்ஸ எடுக்கறதுக்கு முன்னாடி என்ன சொல்லணும்? தப்பா சொன்னா மறுபடியும் மொதல்லேருந்து."

"அம்மா, ஸ்டாப்."

"அந்த மசாலா ஜோக்கும் நீங்க சொல்லிக் குடுத்ததா அத்தை?" என்றேன், எரிச்சல் இன்னும் அடங்காமல்.

அவன்தான் பதில் சொன்னான். "அது என்னோடது. எல்லாத் தடவையும் அதான் சொல்வேன். அவன் சிரிச்சா நான் வீட்டுக்குப் போகலாம்."

அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், கொஞ்ச நேரம். உடனே அந்தக் கராஜின்மேல் பொறாமை வந்தது. கரண்டியோடு நின்று சொல்லித்தர அவனுக்கு அத்தை இருந்தாள். என் அப்பாவும் அதே பயத்தோடுதான் எனக்குச் சொல்லித் தந்தார். பாவம், அவர் சொன்னது வேறு ஊர்ப் போலீஸுக்கு.

"பையக் கொட்டினப்போ நீ கம்ப்ளைன்ட் போட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்புறம்?"

"அப்புறமும் இல்ல. என்ன ஆகும்? அவங்க மேல போட்ட கம்ப்ளைன்ட்ட அவங்களே படிப்பாங்க."

பாஸ்போர்ட் வைத்திருப்பவன் ஒரு தடவைகூட அவர்களைக் கேள்வி கேட்டதில்லை. அவன் செய்யாததை என்னைச் செய்யச் சொல்லியிருக்கிறான். கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு குஷி வந்தது, அற்பக் குஷிதான். இவனை முந்த ஓர் இடம் கிடைத்துவிட்டது. லேப்டாப்பை அத்தையின் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். குடிவரவு விதிகளைத் தேடிப் படித்தேன். கேள்வி கேட்டவனுக்கு பிஆர் கிடையாது என்று எங்கேயும் இல்லை. பயம் போகவில்லை, பயத்தோடேயே புகாரைத் தட்டினேன். நான் இறங்கி நடந்தது தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன் என்று முதலில் எழுதினேன். பிறகு கேள்விகள். எதைப் பார்த்து என்னை நிறுத்தினார்கள்? என் பெயரைப் படித்த பிறகும் கார் யாருடையது என்று ஏன் கேட்டார்கள்? 'உங்க ஆட்கள்' என்றால் யார்?

அத்தை மகன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நிஜமா பதில் சொல்வாங்கன்னு நம்புறியா?"

"அதுக்குத்தானேடா எழுதுறேன்."

திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் இருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். கோயிலிலிருந்து வந்த அன்று, அந்தக் காரின் பக்கத்து இருக்கையில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

அனுப்பினேன். புகார் கிடைத்தது, விசாரிக்கிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பிஆரும் இன்னும் வரவில்லை. நானே மறந்திருக்கும் நாட்களில்கூட அவன் மறப்பதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகையில் போன் செய்துவிடுகிறான்.

"மச்சான், ரிப்ளை வந்துச்சா?"

நான் உடனே பதில் சொல்வதில்லை. கொஞ்சம் காக்கவைத்துத்தான் சொல்கிறேன்.