மேட்டில் சாய்த்த கஞ்சி

கொட்டாம்பட்டிப் பக்கம் கண்மாய் உடைந்து, எங்கள் பஸ் நின்ற மேட்டைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளம் ஓடியபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. முன்பின் தெரியாத நாங்கள் எல்லோரும் ஒரே பானையில் காய்ச்சிக் குடித்தால் என்ன?

அரிசியும் பானையும் வைத்திருந்தவர் கடுக்கன் போட்ட ஒரு பெரியவர். "இருக்கிறதைக் குடிப்போம் தம்பி" என்று மூட்டையை அவரே அவிழ்த்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று விசாரித்த பிறகுதான் அந்த மனுஷர் மேற்கொண்டு பேசுவார்.

அவர் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில் கஞ்சி பொங்கியது. பஸ் கிளீனர் ஓடிப்போய்ப் பானையை இறக்கிவைத்தான். பெரியவர் விழித்துக்கொண்டார்.

"நீ எந்தத் தெருடா?"

"ஊருக்கு வெளியே, சேரிதாங்க. அடுப்பு அணைஞ்சிரும்னு இறக்குனேன்."

பெரியவர் ஒரு குச்சியால் பானையைச் சாய்த்தார். அம்புட்டுக் கஞ்சியும் சேற்றில் ஓடியது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்திலிருந்து நீங்களும் பட்டினிதானே?" என்றேன்.

"அவன் தொட்டதைக் குடிச்சா என் பிள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"இங்க யாரு பார்க்கிறா?"

"நீ பார்க்கிறியே."

தன் பசியையும் சேர்த்துக் கொட்டிய அந்த மனிதர் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் தள்ளிய பானையைக் கழுவி எடுத்தேன். ஆளாளுக்கு வெளியே காட்டாமல் மடியில் முடிந்துவைத்திருந்த கொஞ்சநஞ்ச அவலைக் கேட்டு வாங்கி, இந்தத் தடவை கிளீனரையே காய்ச்சச் சொல்வது, யார் யார் குடிக்க வருகிறார்கள் என்று பார்ப்பது என முடிவு செய்து எழுந்தேன்.