முதலாளியின் சிந்தனையும் மூச்சு வாங்கிய சர்வரும்

போன வாரம் குமுளியில் விடாத மழை. இங்கே ஓர் ஏலக்காய் கம்பெனியில் சர்வரைக் கட்டி மேய்க்கும் பாக்கியசாலி நான். காலையில் உட்கார்ந்ததுமே போன். காய் உலர்த்தும் கூடத்தின் சூப்பர்வைசர் செல்வராணி.

"சார், புது மெஷின் கூவிக்கிட்டே கெடக்கு. சூட்டை எவ்வளவு வைக்கணும்னு விக்கியில பாத்தா, அது சுத்திக்கிட்டேல்ல இருக்கு! காய் பச்சை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

விக்கி என்பது எங்கள் கம்பெனியின் உள் இணையதளம். மெஷின் ஓட்டும் முறை முதல் லீவு விதி வரை அதில்தான். அது வந்ததுமே முதலாளி பழைய கையேடுகளை எடைக்குப் போட்டுவிட்டார். நவீனமாகிவிட்டோம் அல்லவா!

நான் திறந்து பார்த்தேன். எனக்கும் அதே சுற்றல்தான். சர்வருக்குள் நேரடியாக நுழைந்து, அந்தப் பக்கத்தைத் தோண்டியெடுத்து, போனிலேயே வாசித்தேன்.

"கொறைச்சிட்டேன் சார். ஒரு தட்டு பழுப்பாயிருச்சு... மத்தது தப்பிச்சிருச்சு."

எனக்கு எரிச்சல்.

இந்த மந்தத்துக்கு ஏற்கெனவே வைத்தியம் பார்க்காமலா இருந்தோம்? ரீஸ்டார்ட் செய்தோம். மெமரி கூட்டினோம். எர்ணாகுளத்திலிருந்து வந்த கன்சல்டன்ட் ஏசி அறையில் டீ குடித்துவிட்டு, "புது சர்வர் வாங்குங்க" என்று அருள்வாக்கு சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் முழுக்க செட்டிங்குகளைக் குடைந்தேன். ஒருமுறை தயாரித்த பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு, கேட்பவருக்கெல்லாம் அதையே நீட்டுவதுதான் விக்கியின் வழக்கம். எங்கள் விக்கியில் அந்த வசதியே அணைந்து கிடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தது பாவம்!

அணைத்தது யார்? அதே கன்சல்டன்ட்தான், விக்கியை அமைத்துக் கொடுத்தபோதே. எல்லாப் பக்கத்தின் தலையிலும் முதலாளியின் 'இன்றைய சிந்தனை', அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கவுண்டர் — இது முதலாளியின் ஆசை. எண் உடனுக்குடன் மாற வேண்டுமே... கன்சல்டன்ட் நகலையே நிறுத்திவிட்டார்.

முதலாளியிடம் போனேன்.

"கண்டோ!" என்று மலையாளத்தில் துள்ளினார். "கவுண்டர் எப்படி ஏறுதுன்னு பாத்தீங்களா? நம்ம ஆளுங்களுக்கு வாசிப்புல என்ன ஒரு தாகம்!"

பக்கம் திறக்காத கடுப்பில் ஆளாளுக்கு ரீஃப்ரெஷ் அடிப்பதுதான் அந்தத் தாகம் என்று சொல்லலாம். சொன்னால் வேலை இருக்குமா?

"சார், இவ்வளவு பெரிய சிந்தனை, மெஷின் சூட்டுக்கும் லீவு விதிக்கும் மேல ஒட்டிக்கிட்டு நிக்கலாமா? தனிப் பக்கமே கொடுத்துடுவோம்."

முகம் மலர்ந்தது. கவுண்டரையும் சிந்தனையையும் தனிப் பக்கத்துக்குக் குடியேற்றினேன். நகல் வசதியை உயிர்ப்பித்தேன். விக்கி பறந்தது!

"இப்ப தொட்டதும் தொறக்குது சார்," என்றார் செல்வராணி. அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

இரண்டு நாளில் முதலாளி அழைத்தார்.

"என்னாச்சு? என் சிந்தனைய வாசிக்க ஆளையே காணோம்!"

"இப்ப ஒரு தடவை வாசிச்சாலே மனசுல நின்னுடுது போல சார்."

நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து தினமும் இரண்டு சிந்தனைகள்!