இரண்டு முனியம்மாக்களும் ஒரு நெஞ்சுப் படமும்

எனக்கு முதல் அறிகுறி என்று எதுவும் இல்லை. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு மூட்டை கேழ்வரகைப் புடைத்து முடிப்பேன். இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கும் அப்படித்தான் இருக்கும். “நமக்கா?” என்று சிரித்துக்கூட இருப்பீர்கள்.

கெலமங்கலம் பக்கத்து எங்கள் ஊருக்குப் பெங்களூரிலிருந்து ஓர் எக்ஸ்ரே வண்டி வந்தது. க்ஷயம் (நுரையீரலை அரிக்கும் காசநோய்) எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆராய்ச்சியாம். வைத்தியம் பார்க்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு முனியம்மா. குலசாமி பேர் என்பதால் ஊரில் வீட்டுக்கு வீடு அந்தப் பேர்தான். மூத்தவள் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. இளையவள் நான். அவளை அக்கா என்பேன். நெஞ்சுப் படம் எடுக்குமுன் வண்டியில் இருந்த குமாஸ்தா எங்கள் புருஷன் பேர் கேட்டார். எங்கள் ஊரில் பொம்பளை வாயால் புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும். நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்தோம். அவர் சலித்துப்போய் இரண்டு பேருக்கும் மாமனார் பேரையே எழுதினார். வயசும் எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் இருபத்தைந்து போட்டார்.

மூன்று மாதம் கழித்து மணியக்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். முனியம்மாவின் நெஞ்சுப் படத்தில் நிழல் தெரிகிறது, ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வரவும் என்று இருந்தது. எந்த முனியம்மா என்று யாரும் கேட்கவில்லை. அக்கா ஒல்லி. அடுப்புப் புகைக்கு இருமுவாள். குழந்தையும் இல்லை. அதுவே போதுமாக இருந்தது. மறுநாளே அவளை மத்தூரில் உள்ள தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன் தடுக்கவில்லை. மாமியார் அவருக்கு வேறு பெண் தேட ஆரம்பித்தார்.

நானும் யோக்கியம் இல்லை. அவள் சாப்பிட்ட தட்டை நான்தான் எடுத்து மாட்டுக்கொட்டகையில் வைத்தேன். கடிதம் எனக்கு இல்லை என்று உள்ளூர நிம்மதியாகவும் இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்திருக்கிறாள். ஒருநாள் மத்தியானம் அந்தப் படத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“எந்நெஞ்சு சுத்தமா இருக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அப்ப அந்த லெட்டரு யாருக்கு வந்துது? புள்ளைக்குப் பால் குடுக்கறவளே, நீ போய் மொதல்ல பாரு.”

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒருத்திய அனுப்புனது பத்தாதா? லெட்டர அடுப்புல போடு. நீ கல்லாட்டம் இருக்கற.”

குழந்தை என் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தை என் மூச்சு படாமல் திருப்பி வைத்தேன். “நான் போறேன் அத்தை. நீங்க வேண்டாம்னாலும் போவேன்,” என்றேன். புருஷனும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார்.

ஓசூரில் படம் எடுத்துச் சளிப் பரிசோதனையும் (சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். அந்த ஆராய்ச்சிக் குழுவின் டாக்டரே அன்று அங்கே இருந்தார். முடிவைப் பார்த்துவிட்டு என் புருஷனை ஜன்னல் பக்கம் அழைத்துப்போய்க் கன்னடத்தில் பேசினார். இரண்டு பக்க நுரையீரலிலும் நோய் இருக்கிறது, அவளிடம் சொல்லாதீர்கள், பயந்துவிடுவாள் என்றார். நான் கன்னடக்காரர்களிடம் சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவள்.

“நனகூ கன்னட பருத்தெ, டாக்டரே,” என்றேன். எனக்கும் கன்னடம் தெரியும் என்று சொன்னதும் அவர் திரும்பினார். “நெஞ்சு என்னுது. எங்கிட்டச் சொல்லுங்க.”

அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். “நாங்க கணக்கெடுக்க வந்தவங்கம்மா. ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும்னு உத்தரவு இல்ல. உங்க படத்தப் பாத்துட்டு மனசு கேக்காம நானாத்தான் லெட்டர் எழுதினேன்.”

“எழுதினீங்க, சரி. எந்த முனியம்மான்னு பாத்தீங்களா? எங்கக்காவ வீட்ட விட்டே தொரத்திட்டாங்க.”

அவர் பதிவேட்டைப் புரட்டினார். அடுத்தடுத்து இரண்டு முனியம்மா, ஒரே மாமனார், ஒரே வயசு. அவர் முகம் சுருங்கிவிட்டது. “நேர்ல வந்து சொல்லியிருக்கணும். தப்புதான்,” என்றார். பிறகு பேனாவை எடுத்து, “உங்க வீட்டுக்காரர் பேரு?” என்று கேட்டார்.

“மாதப்பன்,” என்றேன், புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அவர் துள்ளி விழுந்தார். ஆயுசு ஒன்றும் குறையவில்லை.

அன்றே பால் நிறுத்தினேன். பால் கட்டி மார்பு வலித்தது. அதைவிடக் குழந்தையின் அழுகை வலித்தது. அவனுக்கு நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி) போட்டுப் போட்டு உட்காரக்கூட முடியவில்லை. காதில் ஓர் இரைச்சல் வந்து தங்கிவிட்டது. கூடவே மாத்திரையும் குமட்டும் பொடியும். ஒன்றரை வருஷம் ஒருநாளும் விடவில்லை. உடம்பு தேறியதும் நிறுத்திவிடாதீர்கள். என் உடம்பு நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் என்னை ஏமாற்றியது. இப்போது நான் அதை அன்பாக வைத்திருக்கிறேன், ஆனால் அதன் பேச்சை மட்டும் கேட்பதில்லை.

கடைசிப் படத்தை டாக்டர் என் கையில் கொடுத்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், “ஆறிடுச்சு.” வீட்டுக்குப் போகாமல் மத்தூருக்கு பஸ் ஏறினேன். அக்கா படத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். வீட்டுக்கு வா என்றேன்.

“வரமாட்டேன். எனக்கு நோவு இல்லன்னு தெரிஞ்சப்பறம் கூப்படற ஊடு எனக்கு எதுக்கு? என்னப் பாக்கணும்னா நீ வா.”

மாதம் ஒருமுறை போகிறேன். எனக்கு நோய் எந்த நாளில் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. நான் ஒரு நாள் வைத்திருக்கிறேன். என் நோயைத் தன் தலையில் சுமந்துகொண்டு அக்கா எங்கள் வாசற்படி இறங்கிய நாள் அது.