மகளுக்கு வந்து போன அம்மை

கைக்குழந்தையாக இருந்தபோது லேசாக வந்து போன அம்மை, இனி வராது என்று நம்பலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிறந்த மூன்றாம் மாதத்தில் என் மகளுக்கு வயிற்றில் நாலைந்து கொப்புளங்கள் வந்தன. அம்மைதான் என்றார்கள். வந்துவிட்டதே என்று தடுப்பூசியும் போடவில்லை. இப்போது அவளுக்கு நாலு வயது.

போன வாரம், எங்களுடன் இருக்கும் நாத்தனார் மகனுக்கு அம்மை போட்டது. "ஏளா, அவன் தனியா கெடந்து அழுவுதான். ஒம் மவளுக்குத்தான் வந்து போயிட்டுல்லா, கூட இருக்கட்டும்" என்றார் மாமியார்.

பாளையங்கோட்டையில் டாக்டரைக் கேட்டேன். "பெரும்பாலும் வராது. ஆனா அவ்வளவு சின்னதுல வந்திருந்தா, மறுபடி வரலாம்" என்றார்.

வீடு திரும்பினால், மகள் அவன் பாயில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் அவன் முதுகை வருடிக்கொண்டிருக்கிறாள்.

இனிப் பிரித்து வைத்துப் பயன் உண்டா? இப்படி இரண்டாம் முறை அம்மை வந்த குழந்தையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.