வளராத குழாய்

எங்கள் வீட்டில் கதவுக்குப் பெயின்ட் அடிப்பதென்றாலும் கனடாவைக் கேட்க வேண்டும். கணவரின் தமையன் அங்கே இருக்கிறார். கூரை அவர் காசில் போட்டது, மதில் அவர் காசில் கட்டியது. ஞாயிறு பின்னேரம் அவருடைய போன் வந்தால், சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்காருவோம். யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி வீடுகளில் இதே கூத்துதான். வெளிநாட்டில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும், இங்கே இருப்பவருக்கு வாய் கிடையாது.

எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய் சரியாக உருவாகவில்லை. மூன்று வயதில் கொழும்பில் நெஞ்சைத் திறந்து ஒரு செயற்கைக் குழாய் வைத்தார்கள். ஒன்பது வயதில், கோயில் படி ஏறும்போதே நின்று நின்று மூச்சு வாங்கத் தொடங்கினாள். டொக்டர் ஸ்கான் செய்துவிட்டு எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்.

“பிள்ளையின்ரை சட்டைக்கு மடிப்பு விட்டுத் தைப்பீங்கள்தானே? வளர வளர அவிழ்த்து விடலாம். இந்தக் குழாய்க்கு மடிப்பு இல்லை அம்மா. பிள்ளை வளந்திட்டுது, குழாய் அப்பிடியே கிடக்கு. மாத்தத்தான் வேணும்.”

சத்திரசிகிச்சைக்குத் திகதியும் தந்தார். அந்த ஞாயிறே கனடாவுக்குச் சொன்னோம்.

“பொறுங்கோ, அவசரப்படாதேங்கோ,” என்றார் தமையன். “நான் ஒரு வீடியோ அனுப்புறன், பாருங்கோ. மனுசற்ரை உடம்புக் கலத்திலையிருந்தே குழாய் வளர்க்கினம். வைச்சால் பிள்ளையின்ரை சொந்தச் சதை மாதிரி ஆகி, பிள்ளையோடையே வளருமாம். அது வந்தால் ஒருக்கா வெட்டினால் காணும். ஏன் பிள்ளையைத் திரும்பத் திரும்ப வெட்டக் குடுக்கிறியள்?”

என் கணவர் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, ஒருவரையும் கேளாமல் படகைத் திருப்புகிற மனுசன். போனுக்கு முன்னால் மட்டும் தலை தானாகக் குனிந்துவிடும். “அண்ணை சொல்லுறதும் சரிதான்,” என்றார். திகதியை வேண்டாமென்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறந்தேன், பிறகு மூடினேன். மூடியதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீடியோவை டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“பொய்யில்லை அம்மா. ஆனால் இன்னும் சோதனையிலைதான் இருக்கு. எங்கடை பிள்ளையளுக்கு எப்ப வருமெண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. இவவாலை அதுவரைக்கும் பொறுக்க ஏலாது.”

அதைச் சொன்னபோது தமையன் சிரித்தார். “அங்கத்தை டொக்டர்மாருக்கு உதெல்லாம் தெரியாது.”

அந்தக் குழாயை வளர்ப்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, அவர்கள் கை நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த வீடியோவில் பின்னால் இசை போட்டு, சிரிக்கிற பிள்ளைகளைக் காட்டியவர்களுக்கு, ‘இன்னும் வரவில்லை’ என்று ஒரு வரி சொல்ல ஏன் வாய் வரவில்லை?

நான்கு மாதம் போனது. பள்ளிக்கூடம் தொடங்கியபோது மகளின் பழைய வெள்ளைச் சட்டையே அளவாக இருந்தது. மடிப்பு அவிழ்க்கிற வேலை மிச்சம் என்று சந்தோசப்பட்டேன், மடைச்சி. அவள் மெலிந்துகொண்டே போனாள். இதயம்தான் காரணம் என்று நினைத்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

ஒருநாள் மத்தியானம் குசினிக்குப் பின்னால் போனபோது பிடிபட்டாள். நான் முள் எடுத்துக் கொடுத்த மீனையும் சோற்றையும் பூனைக்கு உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன்.

“அடிக்காதேங்கோ அம்மா! சாப்பிட்டால் வளந்திடுவன். வளராட்டில் பழைய குழாயே காணும்தானே? புதுசு வருமட்டும் பொறுக்கச் சொல்லித்தானே பெரியப்பா சொன்னவர்?”

ஞாயிற்றுக்கிழமைகளில் போனைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. அவளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பொறுங்கள் என்று சொன்னதைக் கேட்டு, வயிற்றைக் காயப்போட்டுப் பொறுத்தது அவள் மட்டும்தான்.

அந்த நிமிடமே கிளினிக்குக்குப் போன் எடுத்து வேறு திகதி கேட்டேன். கணவர் கடலிலிருந்து வந்ததும் சொன்னேன்.

“அண்ணையிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்,” என்றார்.

“கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளை பட்டினி கிடந்தது,” என்றேன். பூனையின் கதையையும் சொன்னேன். வலையைப் போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கொழும்பில் வைத்தது இன்னொரு செயற்கைக் குழாய்தான். முந்தியதைவிடப் பெரியது, ஆனால் அதற்கும் மடிப்பு இல்லை. சிகிச்சை முடிந்து முதல் முறையாகச் சோறு கொடுக்கலாம் என்றார்கள். குழைத்து ஒரு வாய் நீட்டினேன். வாயைத் திறக்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

“இப்ப வளரலாமோ அம்மா?”

“ஓம்,” என்றேன். ஒரு பிள்ளையை அப்படி அனுமதி கேட்க வைத்த எங்களில் ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.